இன்னும் ஒரு கை உப்பு

அவர் பெயர் எனக்கு நன்றாகத் தெரியும். எழுத மாட்டேன். எழுதினால் சங்கரன்கோவிலில் ஏதாவது ஒரு தெருவிலிருந்து யாராவது, "எங்க மாமா அப்பேர்ப்பட்ட ஆளு கெடையாதே" என்று கிளம்பி வருவார்கள். அவர் பெற்ற பெண் வெளியூரில் நன்றாக இருக்கிறாள் என்று கேள்வி. அவளுக்கு எதற்கு மனக்கஷ்டம்? நாங்கள் கூப்பிட்ட மாதிரியே சார் என்று வைத்துக்கொள்கிறேன். முதுகுக்குப் பின்னால் உப்பு சார்.

இத்தனை வருடம் கழித்தும் அந்த மனுஷனை நினைத்தால் எனக்கு முதலில் சிரிப்புதான் வருகிறது. அப்புறம், சிரித்ததற்காக என்மேலேயே எரிச்சல் வருகிறது. இரண்டும் வந்து அடங்கக் கொஞ்ச நேரம் ஆகும். அதுவரை வீட்டில் என்னிடம் யாரும் பேச்சுக் கொடுப்பதில்லை.

சங்கரன்கோவிலிலிருந்து கரிவலம்வந்தநல்லூர் போகிற ரோட்டில், ஒரு குளத்தங்கரைக்குக் கீழே சர்க்கார் மீன் பண்ணை இருந்தது. எண்பதுகளின் தொடக்கம். பண்ணை என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். நாலு சிமெண்டுத் தொட்டி, குஞ்சு விடுகிற இரண்டு மண் குட்டை, ஒரு பம்பு ரூம், அதை ஒட்டித் தீவனம் வைக்கிற ஓட்டுக் கொட்டகை, ஒரு ஆபீஸ் ரூம். ஆபீஸ் ரூமில் ஒரு மேஜை, இரண்டு நாற்காலி. அதில் இரண்டாவது நாற்காலி எனக்கு என்றுதான் பேர், நான் அதில் உட்கார்ந்ததே கிடையாது. சார் அங்கே அதிகாரி. நான் அவருக்கு உதவியாள். வாசுதேவநல்லூரிலிருந்து தினமும் பஸ் மாறி வருவேன். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. புரொபேஷன் முடிந்து வேலை நிலைக்க வேண்டுமென்றால் அவர் கையெழுத்துப் போட வேண்டும். இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் சொன்னால் சாக்குச் சொல்கிற மாதிரி இருக்கும்.

சார் பரம சைவம். நெற்றியில் பட்டை விபூதி. மீனைப் பற்றி அவருக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை, மீனின் ருசியைத் தவிர. கவுச்சி வாடை பட்ட சட்டையோடு வீட்டுக்குள் போக மாட்டார், பண்ணையிலேயே குளித்து வேட்டி மாற்றிக்கொண்டுதான் சைக்கிளில் ஏறுவார். அப்பேர்ப்பட்டவர் காலையில் வந்ததும் செய்கிற முதல் காரியம், நாலு தொட்டியிலும் சுண்டுவிரலை முக்கி நாக்கில் வைத்துப் பார்ப்பது. தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று அளக்கக் கண்ணாடிக் கருவி ஒன்று மேலாபீசிலிருந்து வந்திருந்தது. அதைப் பேனா ஸ்டாண்டில் சொருகி வைத்திருந்தார். நாக்கால் பார்த்துவிட்டு, "மூணாம் தொட்டி நேத்தைக்கு இன்னைக்கு ஒரு பொட்டு ஏறியிருக்குவே" என்பார். நான் கருவியைப் போட்டுப் பார்த்தால் ஏறித்தான் இருக்கும்.

ஏன் இந்த உப்பு வேலை என்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்துக் கரிசலில், இளையரசனேந்தல் வரைக்கும், உவர்த்துப்போன கிணறுகள் நிறைய. அந்தத் தண்ணீர் வெள்ளாமைக்கு ஆகாது. மாடு மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அதில் மீனாவது வளருமா, வளர்ந்தால் என்ன தீனி போடலாம் என்று பார்க்கச் சொல்லி உத்தரவு வந்தது. சார் நாலு தொட்டியையும் அதற்கு எடுத்துக்கொண்டார். முதல் தொட்டியில் குளத்து நல்ல தண்ணீர். இரண்டாவதில் குளத்துத் தண்ணீரும் உவர்த்தண்ணீரும் பாதிக்குப் பாதி. மூன்றாவதில் வெறும் உவர்த்தண்ணீர். நாலாவதில் உவர்த்தண்ணீரோடு தூத்துக்குடிக் கல்லுப்பையும் கரைத்துவிட்டார். எல்லாவற்றிலும் ஜிலேபிக் கெண்டைக் குஞ்சுகள். ஒவ்வொரு தொட்டியையும் குறுக்கே வலைத்தட்டியால் மறித்து, ஒரு பாதிக்குத் தவிடும் கடலைப் புண்ணாக்கும் பிசைந்த உருண்டை, மறுபாதிக்கு அதே உருண்டையில் உப்புச் சேர்த்தது.

முதல் வருடத்திலேயே முடிவு தெரிந்துவிட்டது. நல்ல தண்ணீரில் உப்பு உருண்டை தின்ற மீன்கள் பக்கத்துப் பாதியைவிடத் திடமாக இருந்தன. தண்ணீரில் உப்பு ஏற ஏற, அதே உருண்டையைத் தின்றவை பின்தங்கின. நாலாம் தொட்டியில் அவை தலை பெருத்து உடம்பு சூம்பிக் கிடந்தன. எனக்கு விளங்கவில்லை. சார் தொட்டி விளிம்பில் குத்தவைத்துச் சொன்னார்.

"நல்ல தண்ணியில கெடக்குத மீனுக்கு ஒடம்புல உள்ள உப்பு தண்ணியில கசிஞ்சு போயிக்கிட்டே இருக்கும்வே. வாய்வழியா கொஞ்சம் குடுத்தா தெம்பா நிக்கும். உப்புத் தண்ணியில கெடக்குததுக்கு, உள்ள ஏறுத உப்பை வெளிய தள்ளவே சத்தெல்லாம் போயிரும். அதுக்கு மேல நாமளும் வாயில திணிச்சா அது எங்க வளரும், பாவம்."

பாவம் என்று சொன்னபோது அவர் குரலில் நிஜமாகவே இரக்கம் இருந்தது. இதை நான் சும்மா சொல்லவில்லை. தெரியாமல் செய்கிற மனுஷன் என்று யாரும் அவரை நினைத்துவிடக் கூடாது.

அவர் வாயில் எப்போதும் இருக்கிற வார்த்தை, "இன்னும் ஒரு கை கூட்டிப் பாப்போம்." நாலாம் தொட்டியில் உப்பு போதும் என்று கருவி சொன்னாலும் இன்னும் ஒரு கை. உப்பை அள்ளிப் போட்டுவிட்டு விளிம்பில் உட்கார்ந்துவிடுவார். கொஞ்ச நேரத்தில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து மூடும். அதைப் பார்ப்பதற்கென்றே காத்திருந்தவர் மாதிரி எழுந்திருப்பார். "தொறக்கு பாரும். மீனுக்குக்கூட ஒரு அளவு தாண்டுனா வாய் தொறக்கும். நம்ம ஆளுக தொறக்க மாட்டாங்க" என்பார். உடனே நல்ல தண்ணீர் விடச் சொல்வார். ஒன்றுகூடச் சாகாது. அந்தக் கணக்கெல்லாம் அவருக்கு அத்துப்படி.

மீனோடு நின்றிருந்தால் நான் ஏன் இதை எழுதப்போகிறேன்?

பண்ணைக் காவல்காரர் வயசாளி. கோடையில் ஒரு நாள் மத்தியானம் சார் தன் தூக்குச்சட்டியிலிருந்து ஒரு டம்ளர் மோர் ஊற்றி அவருக்குக் கொடுத்தார். காவல்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. ஆபீசர் கையால் மோர். மறுநாளும் கொடுத்தார். அதற்கு மறுநாளும். நாலாம் நாள் காவல்காரர் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்ததை நான் பார்த்தேன். ஆறாம் நாள் ஒரு மடக்குக் குடித்து, கண்ணை இறுக்க மூடி, மீதியையும் குடித்தார். "மோர் எப்படி?" என்று சார் கேட்டார். நல்லாருக்கு ஐயா என்றார் காவல்காரர். சார் போனதும் ஓடிப்போய்ப் பானைத் தண்ணீரை மொண்டு மொண்டு குடித்தார். கரிக்கிறது என்று சொன்னால் என்ன என்று நான் கேட்டதற்கு, "பெரிய மனுசன் கையால குடுக்காரு. எப்படித் தம்பி கரிக்குன்னு சொல்ல?" என்று என்னையே கோபித்துக்கொண்டார். கால் வீங்கிப் படுக்கிற வரைக்கும் அந்த மோரைக் குடித்தார்.

சார் சட்டைப்பையில் சின்ன டைரி ஒன்று இருக்கும். தினமும் அந்த மோர் டம்ளர் திரும்பி வந்ததும் அதில் ஒரு வரி எழுதுவார். ஒரு தடவை அவர் குளிக்கப் போனபோது டைரி மேஜையில் கிடந்தது. எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு தேதிக்கும் நேரே ஒரே வரிதான். "இன்றும் வாய் திறக்கவில்லை." அவ்வளவுதான். நான் டைரியை இருந்த இடத்திலேயே, இருந்த கோணத்திலேயே வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

நானும் தப்பவில்லை. அந்த ஐப்பசி மழையில் எனக்குக் கடுங்காய்ச்சல். ஊருக்குப் போகத் தெம்பில்லாமல் கொட்டகையிலேயே படுத்துவிட்டேன். சார் மூன்று நாள் தன் வீட்டிலிருந்து கஞ்சி கொண்டுவந்தார். ஈரத்துணியால் நெற்றியைத் துடைத்துவிட்டார். என் அப்பாகூட எனக்கு அப்படிச் செய்ததில்லை. மூன்றாம் நாள் எழுந்து உட்கார்ந்தேன். சட்டியை மூடிக்கொண்டே, "மூணு நாளா கஞ்சியில உப்பே போடலையேவே. நீரு கேக்கவே இல்லையே" என்றார். காய்ச்சலில் நாக்குச் செத்துவிட்டது என்று நினைத்தேன் சார் என்று சமாளித்தேன். பொய். முதல் வாயிலேயே தெரிந்தது. கேட்க மனசு வரவில்லை. புரொபேஷன். "ம்" என்றார். நான் பார்க்கும்போதே டைரியை எடுத்தார். அன்றைக்குத்தான் அந்த ஆளை அடிக்க வேண்டும் போல இருந்தது. ஆனால் நெற்றியில் அவர் போட்ட ஈரத்துணி இன்னும் குளிர்ச்சியாக இருந்தது, என்ன செய்ய?

இனி பேச்சியக்காவைச் சொல்ல வேண்டும். அவளைச் சொல்லாமல் சாரைச் சொல்லி முடிக்க முடியாது.

பேச்சியக்கா தினக்கூலி. ஏழு வருடமாகத் தீனி பிசைகிறவள். புருஷன் பம்பாய்க்குப் போனவன் போனவன்தான். ஒரே மகள், எட்டாம் வகுப்பு. படிப்பு நன்றாக வந்தது. அவர்கள் தெருவில் அந்த வயசுப் பிள்ளைகள் முக்கால்வாசி தீப்பெட்டி ஆபீசுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். விடிவதற்கு முன்னால் தெருமுனைக்கு வேன் வரும், பிள்ளைகளைத் திணித்துக்கொண்டு போகும், இருட்டிய பிறகு கொண்டுவந்து இறக்கும். அக்காவும் சின்ன வயதில் போனவள்தான். மருந்துக் குச்சி அடுக்கி அடுக்கி அவள் விரல் நுனிகளில் ரேகை தேய்ந்துபோயிருந்தது. தன் மகள் அந்த வேனில் ஏறக் கூடாது என்பது ஒன்றுதான் அவளுக்குப் பேச்சு. எதைப் பேச ஆரம்பித்தாலும் அங்கேதான் வந்து நிற்பாள்.

நான் காய்ச்சலில் கிடந்ததற்கு அடுத்த வருடம், பண்ணைக்கு ஒரு தினக்கூலியை நிரந்தரம் ஆக்கலாம், அதிகாரி பேரை எழுதி அனுப்ப வேண்டும் என்று உத்தரவு வந்தது. அக்காவை விட்டால் அங்கே வேறு ஆளே இல்லை. நாங்கள் எல்லோரும் அது நடந்துவிட்ட மாதிரியே பேசிக்கொண்டிருந்தோம். அக்கா ஆபீஸ் ரூம் வாசலில் வந்து நின்றாள்.

"ஐயா, என் பேரை எழுதி அனுப்புங்கய்யா. வேலை நெலைச்சிட்டுன்னா பிள்ளைய அந்த வேன்ல ஏத்தாம வச்சிக்கிடுவேன்."

சார் அவளைப் பார்த்தார். காலையில் தொட்டித் தண்ணீரைப் பார்க்கிற அதே பார்வை.

"நாலாம் தொட்டியில தட்டிய எடுத்திரு. முழுத் தொட்டியும் உன் பொறுப்பு. எல்லாத்துக்கும் உப்பு உருண்டைதான் போடணும். தீவாளிக்குள்ள மீனு என் உள்ளங்கை அகலம் வந்துட்டா உன் பேரை எழுதி அனுப்புதேன்" என்றார்.

நாலாம் தொட்டியில் உப்பு உருண்டை தின்று எந்த மீனும் வளராது. அதைக் கண்டுபிடித்ததே அவர்தான். அதுவரை அக்கா பிசைந்து கொடுப்பதோடு சரி, தொட்டியில் போடுவதும் அளந்து எழுதுவதும் நானும் சாரும்தான், அவளுக்கு அது தெரியாது. அவள் சந்தோஷமாக மடியிலிருந்து பூக்கட்டுகிற வாழைநார் ஒன்றை எடுத்து, "கையக் காட்டுங்கய்யா" என்று அவர் உள்ளங்கையை அளந்து, அந்த அளவில் கிள்ளி, முந்தானையில் முடிந்துகொண்டாள். சாரும் குழந்தை மாதிரி கையை நீட்டிக்கொண்டிருந்தார்.

ஆடித்தபசு வந்தது. அக்கா கோமதியம்மன் கோயிலில் நூற்றியொரு சுற்று ஆடிச்சுற்று நேர்ந்திருந்தாள். விடியற்காலையில் சுற்றி முடித்துவிட்டு, கால் பாதம் கன்னிப்போய், நேரே வேலைக்கு வந்தாள். எத்தனை சுற்று என்று சார் கேட்டார். சொன்னாள். "நாலாம் தொட்டியில தண்ணி கொறைஞ்சிருக்கு. கிணத்துலேருந்து கொடத்துல கொண்டாந்து ஊத்து" என்றார். பக்கத்திலேயே பம்பு ஓடிக்கொண்டிருந்தது. வால்வைத் திருப்பினால் தொட்டி நிறைந்துவிடும். அக்கா பம்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நான் வால்வுக்குப் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். சாயங்காலம் வரைக்கும் சுமந்தாள். இடையில் ஒரு தடவை சார் வெளியே வந்து, "இன்னும் ஒரு பத்துக் கொடம் கூட்டிப் பாப்போம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆவணி பிறந்தும் மீன்கள் ஏறவில்லை. அக்கா தினமும் ஒன்றைப் பிடித்து நாரை வைத்து அளப்பாள். பாதி நார் மீந்து தொங்கும். அளந்து முடித்ததும் நாரை நீவி மறுபடி முடிந்துகொள்வாள். எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. ஒரு மத்தியானம், பம்பு நிறுத்தியிருந்தது, பண்ணையில் ஈ காக்கை இல்லை என்று நினைத்துக்கொண்டு, கொட்டகைக்குள் போய் அவளிடம் சொல்லிவிட்டேன். அக்கா, உருண்டையில் உப்புப் போடாதீங்க, வெறும் தவிடும் புண்ணாக்கும் போடுங்க, தானாக வளரும், நான் சொன்னேன் என்று யாரிடமும் சொல்லிவிடாதீங்க என்றேன். ஐயா போடச் சொல்லியிருக்காரே என்று அவள் பயந்தாள். ஐயா சொன்னபடி போட்டால் உங்கள் மகள் வேனில்தான் ஏற வேண்டும் என்றேன். அதற்குமேல் அவள் ஒன்றும் கேட்கவில்லை.

தினமும் அவளுக்கு அளந்து கொடுக்கிற உப்பு இருக்கிறதே, அதை என்ன செய்ய? ஓடையில் கொட்டிவிடுங்கள் என்றேன். அவள் முகம் மாறிவிட்டது.

"உப்பைக் கீழ கொட்டச் சொல்லுதியே தம்பி. கொட்டுனா மேலோகத்துல கண் இமையால ஒண்ணொண்ணா பொறுக்கச் சொல்லுவாங்க. அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்."

எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. சாரை ஏமாற்றச் சம்மதித்தவள், உப்பைச் சிந்தச் சம்மதிக்கவில்லை. கொட்டகைக்குப் பின்னால் ஒரு மண்பானையை வைத்து, தினமும் அந்த உப்பை அதில் போட்டு, பழைய சேலைத் துணியால் வாயைக் கட்டி வைத்தாள். தீபாவளி முடிந்ததும் கோமதியம்மனுக்குக் கொண்டுபோய்ச் செலுத்திவிடுவதாகச் சொன்னாள். பைத்தியக்கார அக்கா. அந்தப் பானையை நினைத்து நான் எத்தனை நாள் அவளைத் திட்டியிருக்கிறேன். திட்ட வேண்டிய ஆள் அவள் இல்லை என்று எனக்கே தெரியும்.

மீன்கள் வளர்ந்தன. புரட்டாசியில் நார் எட்ட ஆரம்பித்தது. தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது நாரை வைத்தால் மீன்தான் வெளியே மீந்தது. அக்கா அன்றைக்குத் தலை நிறையப் பிச்சிப்பூ வைத்து வந்தாள். சாரிடம் போய், வந்து பாருங்கய்யா என்றாள்.

சார் வந்தார். நான் வலையில் ஒரு மீனைக் கோலிக் கொடுத்தேன். சைவ மனுஷன், அதைத் தன் உள்ளங்கையிலேயே வாங்கினார். கை நிறைந்து வால் வெளியே துடித்தது. "சொன்னபடி வளத்துட்டியே" என்றார். அக்காவுக்கு அழுகை வந்துவிட்டது. அவர் மீனைத் தண்ணீரில் விட்டுவிட்டு, அவள் வாளியிலிருந்த உருண்டையில் ஒரு துணுக்குக் கிள்ளி நாக்கில் வைத்தார். மென்றார். பிறகு யாரிடமும் ஒன்றும் கேட்காமல், நேரே கொட்டகைக்குப் பின்னால் போய், அந்தப் பானையைத் தூக்கிக்கொண்டு வந்து தொட்டி விளிம்பில் வைத்தார்.

"யாரு சொல்லிக் குடுத்தா?"

அக்கா பானையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். என் பக்கம் தலையைத் திருப்பவே இல்லை. திருப்பியிருந்தால்கூட நான் ஏதாவது உளறியிருப்பேன்.

"நானாத்தான் செஞ்சேன் ஐயா."

"உமக்கு ஏதும் தெரியுமாவே?"

"தெரியாது சார்."

அவ்வளவு சுலபமாக வந்துவிட்டது அந்தச் சொல். இவ்வளவு நாள் யோசித்து வைத்திருந்த மாதிரி வந்தது. வலை என் கையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. நாளையிலிருந்து வேலைக்கு வர வேண்டாம் என்று சார் அக்காவிடம் சத்தம் போடாமல் சொன்னார். அவள் வாளியைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் போனாள். போகும்போது முந்தானையிலிருந்த நாரை அவிழ்த்து விளிம்பில் வைத்துவிட்டுப் போனாள்.

அடுத்த ஒரு வாரம் சார் மேஜைமேல் ஒரு பழுப்புக் கவர் கிடந்தது. விலாசம் எழுதியிருந்தது, வாய் ஒட்டவில்லை. பக்கத்திலேயே பசைப் புட்டி. தினமும் டீ வந்ததும் என்னைக் கூப்பிடுவார். அந்த விஷயத்தில் உமக்கு ஒன்றும் தெரியாதுல்லவே என்பார். தெரியாது சார் என்பேன். டீயைக் குடிப்பார். மறுநாளும் அதே கேள்வி. அவருக்குச் சந்தேகம், என்னைப் போட்டு வாங்கப் பார்க்கிறார், வாயைத் திறந்தால் என் வேலையும் போய்விடும் என்று நினைத்துக்கொண்டு நான் இறுக்கமாக நின்றேன். வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு நிற்கிற மாதிரி நின்றேன். ஏழாம் நாள் கவர் ஒட்டியிருந்தது. என்னிடம் கொடுத்துத் தபாலில் சேர்க்கச் சொன்னார். கூடவே, "அந்தப் பானை உப்பையும் ஓடையில கொட்டிரும்" என்றார்.

கொட்டினேன். துணியை அவிழ்த்துப் பானையைச் சாய்த்தேன். பானை நிறைய இருந்தது. ஒரு கல்கூடத் தங்காமல் தட்டிக் கொட்டினேன்.

சோதனை முடிவைச் சார் மேலாபீசுக்கு எழுதினார். உவர்த்தண்ணீரில் மீனுக்கு உப்பில்லாத தீனியே போதும், ஜிலேபிக் கெண்டை உள்ளங்கை அகலம் வளரும் என்று. நாலாம் தொட்டியைப் பற்றியே இரண்டு பக்கம். சுத்தப்பிரதி எழுதிக் கொடுத்தது நான். என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். பேச்சியக்கா பேர் அதில் எங்கும் இல்லை. என் புரொபேஷன் காகிதத்திலும் அந்த மாதமே கையெழுத்துப் போட்டுவிட்டார். அடுத்த வைகாசியில் அவருக்குப் பதவி உயர்வோடு மாறுதல் வந்தது.

அதற்கு இடையில் ஒரு நாள், முதல் பஸ்ஸில் வந்து இறங்கி நடந்தபோது, தெருமுனையில் அந்த வேன் நின்றது. அக்கா மகள் பள்ளிக்கூடத்து நீலப் பாவாடையிலேயே ஏறிக்கொண்டிருந்தாள். உள்ளே இடமில்லை, ஒரு பிள்ளை மடியில் உட்காரப்போனாள். அக்காவும் அதே வேனில் ஏற நின்றாள். என்னைப் பார்த்துவிட்டாள். நான் வேறு பக்கம் திரும்புவதற்குள் கிட்டே வந்துவிட்டாள்.

"மீனெல்லாம் எப்படித் தம்பி இருக்கு? இப்பம் யாரு தீனி போடுதா?" என்று கேட்டுவிட்டு, அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "நாலாம் தொட்டிக்கு மட்டும் உப்புப் போட்டுராதீங்க தம்பி."

நல்லாருக்கு அக்கா என்றேன். வேறு என்ன சொன்னேன் என்று ஞாபகம் இல்லை. எதுவும் சொல்லியிருக்க மாட்டேன்.

சார் ஊரைவிட்டுப் போகிற அன்றைக்கு நான்தான் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். குடும்பத்தை முன்னாலேயே அனுப்பிவிட்டார். ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு படுக்கை. திருநெல்வேலி பஸ் கிளம்ப நேரம் இருந்தது. எனக்குக் காப்பி வாங்கிக் கொடுத்தார். சர்க்கரை சரியாக இருக்கிறதா என்று கேட்டார். சரியாகத்தான் இருந்தது, ஆனாலும் ஒரு மடக்குக் குடித்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தேன். பிறகு சொன்னார்.

"பேச்சி விசயம்வே. அன்னைக்குக் கொட்டகையில நீரு அவகிட்ட சொன்னதை நான் பம்பு ரூமுக்குள்ள இருந்து கேட்டுக்கிட்டுதான் இருந்தேன்."

காப்பி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"உப்பில்லாமப் போட்டா மீனு வளந்துரும்னு தெரியும். அவ பேரையும் எழுதி வச்சிட்டேன். அந்தக் கவர்ல அவ பேருதான் இருந்துது. ஒட்டாம ஒரு வாரம் மேசையில போட்டு வச்சேன். நான்தான் சார் சொன்னேன்னு நீரு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அப்படியே ஒட்டி அனுப்பியிருப்பேன். ஓமக்கும் ஒரு கொறையும் வந்திருக்காது. தெனமும் கேட்டேன்லா?"

"சார்," என்றேன்.

"ஏழாம் நாளு வேற காயிதம் எழுதி வச்சேன். தகுதியான ஆளு இல்லைன்னு." டம்ளரை என் கையிலிருந்து வாங்கி, தன் டம்ளரோடு சேர்த்துக் கடைக்காரரிடம் கொடுத்தார். "நீரு எவ்வளவும் தாங்குவீருவே. பெரிய வேலைக்கெல்லாம் போவீரு."

தொட்டி விளிம்பில் உட்கார்ந்து பாவம் என்று சொன்னாரே, அதே குரல். அவர் சொன்னபடிதான் ஆயிற்று. நான் பெரிய வேலைக்கெல்லாம் போய்த்தான் ஓய்வு பெற்றேன்.

கண்டக்டர் விசில் கொடுத்தார். அந்த ஆள் சட்டையைப் பிடித்து நாலு கேள்வி கேட்டிருக்க வேண்டும். பஸ் ஸ்டாண்டில் அத்தனை ஜனம் இருந்தது. காறித் துப்பியாவது இருக்க வேண்டும். நான் அவர் டிரங்குப் பெட்டியைத் தூக்கி, ஏணியில் ஏறி, பஸ் மேலே வைத்துக் கயிறு போட்டு இறுக்கிக் கட்டினேன். இறங்கி வந்து, துண்டு போட்டு இடம் பிடித்து வைத்திருந்த ஜன்னலோர சீட்டில் அவரை உட்கார வைத்தேன்.

"போயிட்டு வாங்க சார்" என்றேன்.

தலையை ஆட்டினார். பஸ் திரும்பும்போது ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சட்டைப்பையிலிருந்து அந்தச் சின்ன டைரியை எடுத்து, மடியில் வைத்து, ஒரு வரி எழுதிக்கொண்டிருந்தார்.